பாயோடு வந்த மாப்பிள்ளை

பாய்ப்பலகை பழகுகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நேற்றுப் பின்னேரம் களப்புக் கரையில் நீங்கள் பாய் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மழையில் நனைந்த உடுப்பைக் கொடியில் போடுகிறவர்கள்கூட உங்களை விடக் கொஞ்சம் யோசித்துப் போடுவார்கள். ஒருவர் கீழே இழுக்கிறார், அதே நேரம் மற்றவர் பக்கத்தில் இழுக்கிறார், மூன்றாமவர் கைபேசியில் படம் எடுக்கிறார். பிறகு தண்ணீரில் இறங்கி, விழுந்து எழும்பி, காற்றைத் திட்டுகிறீர்கள். காற்று என்ன செய்யும், பாவம்.

கோபிக்க வேண்டாம். உங்கள் பலகை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. தோணி, சுக்கான், சாமான், சனம் ஒன்றும் இல்லாமல் ஒரு பலகையும் ஒரு பாயும் மட்டும் வைத்துக்கொண்டு காற்றோடு விளையாடுவதற்கு எங்கள் காலத்தில் வழி இருந்திருந்தால் நான் ஒழுங்காக வேலைக்கே போயிருக்க மாட்டேன். இதே நாயாற்றுக் களப்பில் ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் பாய்த்தோணியில் ஆள் ஏற்றி இறக்கினவன் நான். அது தெரிந்துதான் உங்களில் ஒரு பிள்ளை வந்து, "ஐயா, உங்கட அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாங்கோவன்" என்று கேட்டது. கேட்டது உங்கள் பிழை. இனி வாசித்துத்தான் ஆக வேண்டும்.

தொழில் விஷயத்தை முதலில் சொல்லி முடிக்கிறேன். பாய்க்கு இரண்டு இழுவை. பாய்மரத்தை ஒட்டிக் கீழ்நோக்கி ஒன்று, மரத்தை விட்டு விலகிப் பின்நோக்கி ஒன்று. கீழ் இழுவையை முடித்துவிட்டுத்தான் பின் இழுவையைத் தொட வேண்டும். காற்று கூடின நாளில் கீழே இன்னும் கொஞ்சம் இழுங்கள், பாய் தட்டையாகும். காற்றுக் குறைந்த நாளில் விட்டுக் கொடுங்கள், பாய்க்கு வயிறு வரும். மிச்சத்தை உங்கள் பயிற்சிப் படங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. எவ்வளவு இழுப்பது, எந்த நேரத்தில் கையை விடுவது என்பது. அதை நான் முழுதாக விளங்கிக்கொண்டது என் கலியாண நாளில். கலியாண நாளில் ஒருவனுக்குப் பாய் கட்டுகிற வேலை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தோணியின் தலைவரை நாங்கள் தண்டையல் என்போம். தோணியும் அவருடையதுதான். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும் என்று பயந்தவர் போல அவர் பேசுவார். கலியாணத்துக்கு முதல் மூன்று வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அந்த மூன்று வருடத்தில் தொழில் பற்றி அவர் எனக்குச் சொன்ன சொற்கள் இரண்டுதான்: "இழு", "இளக்கு". மற்றதெல்லாம் புருவத்தால் சொல்லுவார். அந்தப் புருவத்தைப் பார்த்தே நான் வேலை பழகினேன். என்னோடு செல்லையா என்றொரு கூட்டாளி. அவனுக்கு வாய் ஓயாது. தண்டையல் மிச்சம் பிடித்த சொற்களை எல்லாம் அவன்தான் செலவழித்தான்.

என் ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறி வயல் செய்தவர். அண்ணன் வயலில் இறங்கினார், நான் தண்ணீரில் இறங்கினேன். அப்படி இருக்கும்போதுதான் களப்பின் தெற்குக் கரையில் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் தவமணி. அவாவின் தகப்பன் நல்ல மனிதர், பேசாத மனிதர். ஆனால் அந்த வீட்டில் பேசுகிறவர் பெரியப்பா. "காத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்குப் பெட்டையைக் குடுக்கிறதோ? காத்து நிண்டால் அடுப்பும் நிண்டு போம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். எப்படியோ சம்மதம் வந்துவிட்டது. பெரியப்பா மட்டும் கடைசி வரையும் பிடியை விடவில்லை. "முகூர்த்தத்துக்கு முதல் மாப்பிள்ளை வந்து சேரட்டும். சொந்தக் கலியாணத்துக்கே நேரத்துக்கு வரத் தெரியாத தோணிக்காரன் எண்டால் இந்தக் கதையை இதோடை விடுவம்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். தகப்பனும் தலையாட்டிவிட்டார்.

தை மாதம். மாரி மழையில் களப்பு நிறைந்து, கோடையில் மணல் மூடிக் கிடந்த தொடுவாயை உடைத்துக்கொண்டு கடலுக்கு ஓடுகிற காலம். தொடுவாய் திறந்தால் நாயாறு வேறு ஆளாகிவிடும். தண்ணீர் கிழக்கே கடலுக்கு இழுக்கும். கோல் ஊன்றினால் நிலம் எட்டாது. ஆள் நிறைந்த தோணியைத் துடுப்பால் மட்டும் வலித்தால் தெற்குக் கரைக்குப் பதிலாகக் கடலில்தான் விடியும். சுற்றுப் பாதை காட்டுக்குள்ளால் போகிறது, அதில் இடுப்பளவு வெள்ளம். ஆகவே பாய் ஒன்றுதான் வழி. அதிலும் எங்களுக்கு அதிர்ஷ்டம், வாடைக் காற்று வடகிழக்கில் இருந்து முதுகுக்குப் பின்னால் வரும். பாயைத் தூக்கினால் போதும், காற்றே கொண்டுபோய் மாமியார் வீட்டு வாசலில் விடும்.

பாய் இருந்தால்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் செல்லையாவுக்கு ஒரு ஆசை பிறந்தது. மாப்பிள்ளைத் தோணியைச் சோடிக்க வேண்டும் என்று. வாழை கட்டினான், பூ கட்டினான். பாய்மரத்தில் அடியில் இருந்து உச்சி வரைக்கும் மாவிலைத் தோரணம் கட்டினான். கட்டினான் என்றால் கயிற்றால் இல்லை, ஆணியால். எல்லாம் முடித்து, பாயையும் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஏற்றினான். வாடைக் காற்று பாயை மரத்தோடு ஒருமுறை அழுத்தித் தேய்த்தது. சர்ர் என்று ஒரு சத்தம். மேலிருந்து கீழ் வரைக்கும் பாய் இரண்டாகத் தொங்கியது.

தண்டையல், செல்லையா, நான், மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"மச்சான், தோரணம் மட்டும் வடிவாய்த்தான் இருக்கு" என்றான் செல்லையா.

அவனை அடிக்கவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. தைக்கப் பார்த்தோம். பழஞ்சீலை, ஊசி குத்தின இடத்திலெல்லாம் புதிதாகக் கிழிந்தது. கரையில் கொட்டில் போட்டுத் தங்குகிற மீன்பிடி வாடிக்காரர்களிடம் இரவல் வாங்கலாம் என்றால் அது அவர்கள் ஊருக்குப் போயிருக்கும் பருவம், வாடிகள் எல்லாம் வெறுமை. அந்த நேரம் முல்லைத்தீவுப் பட்டினத்துக்குப் போகிற விறகு லொறி ஒன்று வந்தது. தண்டையல் அதை மறித்தார். பட்டினத்தில் நாங்கள் கயிறும் தாரும் பாய்ச்சீலையும் வாங்குகிற கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. அவரிடம் சொல்லும்படி லொறிக்காரனிடம் தண்டையல் சொன்ன செய்தியை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நானாட்டைச் சொல்லு. விடியக் கலியாணம். பாய் கிழிஞ்சு போச்சு. பெரிய பாய் வேணும். கெதியாய்."

தண்டையலின் அளவுக்கு அது ஒரு பிரசங்கம். ஒரு குறையும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

விடியற்காலை உருத்திரபுரத்தில் இருந்து என் சனம் லொறியில் வந்து இறங்கியது. ஐயா, அம்மா, அண்ணன், வயற்காரச் சொந்தங்கள், மேளகாரர் இரண்டு பேர், பெண் வீட்டுக்குக் கொண்டுபோகிற அரிசி மூட்டைகள். பட்டினத்தால் வரும்போது நானாவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். நானா வெள்ளைச் சட்டையும் வாசனைத் தைலமுமாக, கலியாணத்துக்கு வந்த கம்பீரத்தோடு இறங்கி, ஒரு பெரிய பொதியை இறக்குவித்தார்.

பொதியைப் பிரித்தோம். பன்பாய். தரையில் விரித்து இருக்கிற, படுக்கிற பன்பாய். புதுப் பன் புல்லின் வாசம். சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் போட்டுக் கட்டங்கட்டமாய் இழைத்த பாய்கள். ஒன்றில் "நல்வரவு" என்று எழுத்தும் இழைத்திருந்தது.

"கடையில இருந்ததுக்குள்ள திறமான பாய்" என்றார் நானா. "கலியாண வீடு, பாய் கிழிஞ்சு போச்செண்டு செய்தி வந்துது. கிழிஞ்ச பாயில சம்பந்தகாரரை இருத்தேலுமே? அதுதான் கடையைத் திறந்து நானே பாத்துப் பாத்து எடுத்தனான்."

தண்டையல் பாயைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். நானாவைப் பார்த்தார்.

"தோணிப் பாய்" என்றார்.

நானாவின் முகம் வாடிவிட்டது. "அந்த ஒரு சொல்லைச் சேத்துச் சொன்னால் உங்கட வாய் தேஞ்சிடுமோ?"

"தோணிக்காரன் கேட்டால் தோணிப் பாய்."

"கலியாணம் எண்டு முதல்ல சொன்னது ஆர்? கலியாண வீட்டுக்காரன் பாய் கேட்டால் நான் என்னத்தை எடுக்கிறது?"

யோசித்துப் பாருங்கள், யாரில் பிழை? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு சொல்லில் ஒரு மனிதனுக்குப் படுக்கை தெரிகிறது, இன்னொரு மனிதனுக்குக் காற்று தெரிகிறது. அதனால்தான் நீங்கள் உங்களுக்குள் பேசும்போது சொற்களை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று சொல்கிறேன். தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கரையில் நிற்கிறவன் "விடு" என்று கத்தினால் எதை விடுவது என்றும் சேர்த்துக் கத்த வேண்டும்.

என் சொந்தங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லொறியைத் திருப்பிப் பட்டினத்துக்கு அனுப்பி, சீலை வாங்கி, தைத்து வருவதற்குள் பகல் போய்விடும், முகூர்த்தமும் போய்விடும். தெற்குக் கரையில் பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. தவமணியை நான் ஒரே ஒருமுறை, பெண் பார்க்கப் போன அன்று, அரைக் கண்ணால் பார்த்தவன். அந்த அரைப் பார்வையோடு எல்லாம் முடிந்துவிடுமோ என்று பயந்தேன்.

தண்டையல் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நீ சொல்லு என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கவனியுங்கள். இல்லாத பாயை நினைப்பதை நிறுத்தினேன். இருக்கிற பாயைக் கையில் எடுத்தேன். மடித்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். பன் நீளவாட்டில் விறைப்பு, குறுக்குவாட்டில் சுருளும். சீலை போல இழுபடாது. காய்ந்தபடி மடித்தால் முறியும், நனைத்தால் வளையும். விளிம்புதான் அதற்குப் பலவீனம், விளிம்பில் கயிறு பிடித்தால் தாங்கும். ஒரு பொருள் தன்னால் என்ன முடியும் என்று தானே சொல்லும். நாங்கள்தான் நேரமில்லை என்று கேட்காமல் விடுகிறோம்.

"இதிலயே போவம்" என்றேன்.

உடனே ஒரு புதுச் சிக்கல். அதைக் கிளப்பினவர் ஐயா. சனம் வந்து இறங்கின கையோடு எனக்குப் பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து முழுக வார்த்து, பட்டு வேட்டி உடுத்திவிட்டிருந்தார்கள். "பாலறுகு வைச்ச மாப்பிள்ளை கயிறும் ஊசியும் பிடிக்கிறதோ? ஒரு வேலையிலும் கை வைக்கப்படாது" என்று ஐயா மறித்தார்.

"ஐயா, கை வைக்காட்டில் மாப்பிள்ளையே இல்லை."

அவர் தாடையைத் தடவினார். ஐயா பிடிவாதக்காரர், ஆனால் மழையையும் வெயிலையும் கேட்டுக் கேட்டு முடிவெடுத்துப் பழகின வயற்காரர். "அப்ப கையாலை தொடாதை. வாயாலை சொல்லு. நாங்கள் செய்யிறம்" என்றார்.

வயற்காரர்களுக்குச் சாக்குத் தைக்கத் தெரியும். லொறியில் அரிசி மூட்டைகளோடு சாக்கு ஊசியும் சணலும் இருந்தன. சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என் சொந்தங்கள் மணலில் வட்டமாக இருந்தார்கள். செல்லையா பாய்களைத் தண்ணீரில் அமுக்கி நனைத்துக் கொண்டுவந்து போட்டான். நான் மாப்பிள்ளைத் தோழன் பிடித்த குடைக்குக் கீழே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன். கையால் தொடாமல் பாய் கட்டின ஒரே மனிதன் இந்த வன்னி முழுவதிலும் நானாகத்தான் இருப்பேன்.

பன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் செல்லையாவோடு ஒரு சண்டை. மேலிருந்து கீழாகப் போகட்டும், அப்போதுதான் தொங்கும் என்றான் அவன். குறுக்கே போகட்டும் என்றேன் நான். உங்கள் பாயில் குறுக்காக நீளச் சட்டங்களைச் சொருகுகிறீர்களே, எதற்கு? பாய் காற்றில் சுருண்டு போகாமல் உருவத்தைப் பிடித்து வைக்க. குறுக்கே போகிற ஒவ்வொரு பன்னும் அந்தச் சட்டத்தின் வேலையைச் செய்யும். அன்று என்னிடம் நூற்றுக்கணக்கில் சட்டம் இருந்தது, காசில்லாமல்.

பாய்களை ஒன்றின் விளிம்பு மற்றதில் ஏறும்படி வைத்துத் தைத்தார்கள். கிழிந்த பாயின் விளிம்புக் கயிற்றை அறுத்தெடுத்துச் சுற்றிவரத் தைத்தார்கள். விளிம்பை இறுக்கவும் நடு மூட்டுகளைத் தளர விடவும் சொன்னேன். இழுபடாத பாய்க்கு வயிறு வர வேண்டுமென்றால் தையலில்தான் கொடுக்க வேண்டும். ஐயா ஊசியோடு நிமிர்ந்தார்.

"தளரத் தைச்சால் ஒழுகுமடா."

"இது நெல்லில்லை ஐயா, காத்து. கொஞ்சம் ஒழுகட்டும்."

மேல் விளிம்பைப் பருமலில், அதாவது பாயைத் தாங்குகிற சாய்ந்த கழியில், வரிந்து கட்டினார்கள். ஏற்றிப் பார்த்தோம். ஏற்ற முதலே செல்லையா மரத்தில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான், சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே போன பாயைப் பார்த்து அம்மாதான் முதலில் வாயைப் பொத்தினா. சிவப்பும் ஊதாவுமாக ஒரு படுக்கையறையே வானத்தில் தொங்கியது. "நல்வரவு" தலைகீழாக இருந்தது. கழற்றித் திருப்ப நேரமில்லை.

ஏறினோம். தண்டையல் சுக்கானில் இருந்தார். ஐயாவும் சொந்தங்களும் தோணியின் நடுவில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குந்தினார்கள். தோணியில் கால் வைத்தே அறியாத சனம், வெள்ளத்தில் வயலில் நிற்பது வேறு, இது வேறு. நானாவும் ஏறினார், "என்ர பாய் போற இடத்துக்கு நான் போகாட்டில் எப்பிடி" என்று. மேளகாரர் ஊதவும் அடிக்கவும் தொடங்கினார்கள். பாயின் பின்மூலைக் கயிற்றை நான் எடுத்தேன். அது செல்லையாவின் கையில் கொடுக்கிற கயிறு இல்லை, அன்றைக்கு இல்லை. ஐயா என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பாக்கேல்லை" என்றார்.

தோணி கிளம்பியது. போனது என்றால், அழகாகப் போனது. ஈரப் பாயில் இருந்து சாயம் சொட்டி என் பட்டு வேட்டியில் சிவப்புச் சிவப்பாக விழுந்தது. அதைப் பார்க்கக்கூட மனமில்லை. நனைந்த பன் காற்றை வாங்கி மெல்ல வளைந்து, நான் கேட்ட அதே வயிறு வந்தபோது எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். பாய் கட்டுகிறவனுக்கு அதை விடச் சந்தோஷம் கிடையாது. உங்களுக்கும் அது கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் இந்த வெயிலில் நிற்க மாட்டீர்கள்.

நடுக் களப்பில் தொடுவாயின் இழுவை பிடித்தது. தோணியின் தலை கிழக்கே, கடல் பக்கம் திரும்பத் தொடங்கியது. தண்டையல் சுக்கானால் திருப்பிப் பிடித்தார். எனக்கு வேகம் தேவைப்பட்டது, கயிற்றை இழுத்தேன், வேகம் வந்தது. அந்த நேரம் பார்த்து வடகிழக்கில் தண்ணீர் கறுத்தது. காற்றின் ஒரு குத்து வருகிறது என்று அர்த்தம். வந்தது. பாய் முறுகியது. மேலிருந்து இரண்டாவது மூட்டில் சணல் ஒவ்வொரு கண்ணாகத் திறப்பதைக் கண்டேன்.

"இழு மச்சான், இழு!" என்று செல்லையா கத்தினான். "விடாதை தம்பி!" என்று நானா கத்தினார். முகத்தைத் திருப்பியிருந்த ஐயாவும் திரும்பி, "இழடா!" என்றார். எல்லாரும் சொன்னதில் நியாயம் இருந்தது. இழுவையின் நடுவில் நிற்கிறோம், வேகம் குறைந்தால் கடல். என் கையும் இழுக்கத்தான் துடித்தது. அக்கரையில் கூட்டமாகச் சனம் நிற்பதும் தெரிந்தது. நான் தண்டையலைப் பார்த்தேன். புருவம் அசையவில்லை. இழு என்றும் சொல்லவில்லை, இளக்கு என்றும் சொல்லவில்லை.

பயம் வரும்போது கை தன்பாட்டில் இறுக்கும். அது கையின் குணம். அந்தக் குணத்தோடு முடிவெடுக்கக் கூடாது. எனக்கு இருந்தது ஒரே கேள்வி: இந்தக் கணத்தில் எது போனால் திரும்ப வராது? வேகம் போனால் திரும்ப எடுக்கலாம். பாய் போனால் எடுக்க முடியாது.

கயிற்றை இளக்கினேன்.

உங்கள் பாய் காற்றில் படபடக்கும்போது ஒரு சத்தம் கேட்கும். பன்பாய்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் அப்படி இருக்காது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பாய் உதறினது போல இருந்தது. நாதஸ்வரம் நின்றது. அம்மா சாமியைக் கூப்பிட்டா. தோணி பக்கவாட்டில் கடலை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது, தொடுவாயில் உடைகிற வெள்ளை நுரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. காற்றின் குத்துக்கு ஒரு நீளம் இருக்கும், எந்தக் குத்தும் நாள் முழுக்க அடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரம் எனக்கு ஒரு வருடமாக இருந்தது.

தண்ணீரின் கறுப்பு எங்களைக் கடந்து போனது. கயிற்றை எடுத்தேன், இழுக்கவில்லை, சும்மா எடுத்தேன். பாய் ஒருமுறை தடுமாறி, காற்றை வாங்கி, வளைந்தது. திறந்த மூட்டு திறந்தபடியே நின்றது, அதற்கு மேல் போகவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தோணி தலையைத் தெற்கே திருப்பி, தொடுவாயை விட்டு விலகி ஓடத் தொடங்கியது. தவில்காரர் பயம் தெளிந்த வேகத்தில் கெட்டிமேளமே அடித்துவிட்டார்.

"தாலி கட்டேக்கை அடிக்கிறதுக்கும் கொஞ்சம் வைச்சிரும்!" என்று ஐயா அவரைப் பார்த்துக் கத்தினார். தோணி முழுக்கச் சிரித்தது.

தண்டையல் என் பக்கம் திரும்பினார். சுக்கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஒரு சுருட்டை எடுத்து எனக்கு நீட்டினார். அவர் யாருக்கும் சுருட்டுக் கொடுத்து நான் கண்டதில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் அதைப் பற்ற வைக்க முடியாது, காதில் சொருகிக்கொண்டேன்.

தெற்குக் கரையில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பை எப்படிச் சொல்ல? கலியாண வீட்டுப் பெண்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். தோணியில் பாயைக் கண்டதும் ஒருத்தி, "எடியே, மாப்பிள்ளைக்கு இருக்கிற அவசரத்தைப் பாரன், பாயோடையே வாறார்!" என்றாள். அவ்வளவுதான். கிழவிகளும் குமரிகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "ஒரு பாய் போதாதெண்டு அடுக்காய்க் கொண்டந்திருக்கிறார்" என்று இன்னொருத்தி. நான் சாயம் சொட்டின வேட்டியோடு, காதில் சுருட்டோடு, மூக்கு வரைக்கும் சிவந்துபோய் நின்றேன். நானா தோணியின் முனையில் நின்று, "பாய் என்ர கடைப் பாய்!" என்று பெருமையாகக் கூவினார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். வெற்றிலை மென்ற வாய், பின்னால் கட்டின கை. ஏதோ பெரிதாகச் சொல்ல ஆயத்தமாக வந்தவர் என்பது நடையில் தெரிந்தது. பாயை அண்ணாந்து பார்த்தார். கழுத்தைச் சரித்து, தலைகீழாக இருந்த எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். "நல்வரவோ? எங்கட வீட்டுக்கு நாங்கள் எல்லோ நல்வரவு சொல்ல வேணும்? வாறவன் தானே எழுதிக் கொண்டு வாறதோ?" என்றவருக்கு அதற்கு மேல் முடியவில்லை, வெற்றிலை புரையேறி, இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் தோளைப் பிடித்து இறக்கினார். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. சாயம் தோய்ந்த வேட்டியை மாற்றவும் நேரம் இருந்தது.

தாலி கட்டி முடிந்தது. ஆட்கள் அறுகரிசி போட்டு வாழ்த்துகிற சந்தடியில், தவமணி தலையைக் குனிந்தபடியே என்னிடம் பேசினா. அவா என்னோடு பேசின முதல் கதை அதுதான். தாலி கட்டின கையோடு ஒரு பெண் என்ன பேசுவாள் என்று நான் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவா கேட்டது:

"நடுவில நீங்கள்தானே இளக்கினனீங்கள்? தானாய்க் கழரேல்லை?"

நான் அவா பக்கம் குனிந்தேன். "ஓம். நான்தான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குசினி யன்னலால களப்புத் தெரியும். மூண்டு வரியமாய் உங்கட பாயைப் பாத்துக்கொண்டுதான் சோறு வடிக்கிறனான். இண்டைக்கும் யன்னலடியில நிண்டனான். பாய் அடிக்கத் தொடங்கினவுடன பக்கத்தில நிண்ட பெரியப்பா, முடிஞ்சுது, கயிறு அறுந்து போச்சு எண்டார். இல்லைப் பெரியப்பா, அவர் இளக்குறார், பாருங்கோ, இப்ப எடுப்பார் எண்டு நான் சொன்னனான். எடுத்தனீங்கள்."

யாரோ எங்கள் தலையில் அரிசியைப் போட்டார்கள். வெளியே பெண்கள் இன்னும் பாய்க் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தவமணி அந்தச் சிரிப்பைக் கேட்டு, முகத்தை நிமிர்த்தாமல், மெல்லச் சொன்னா:

"சனமெல்லாம் உங்களை அவசரக்காரன் எண்டு சிரிக்குது. அவசரப்படாத ஆள் எண்டு கண்டுதான் நான் ஓமெண்டனான்."